வீட்டுக் கத்தியும் கோணம் பிடித்துத் தரும் தீட்டுக்கருவிகளும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வாழைத்தண்டை வட்டம் வட்டமாக நறுக்கும்போது, வட்டம் பலகையில் நிற்க, நார் மட்டும் விரலில் சுற்றிக்கொண்டு வந்தால் கத்தி கூராக இருக்கிறது. வட்டம் நசுங்கி, சாறு பலகையில் ஓடி, நார் கத்தியோடு சேர்ந்து இழுபட்டால் அது மழுங்கிவிட்டது. கும்பகோணம், திருவையாறு, மயிலாடுதுறைப் பக்கத்துச் சமையலறைகளில் தண்டும் பூவும் காயுமாக அடிக்கடி வாழைதான் அரிபடுகிறது என்பதால், இந்தச் சோதனைக்குத் தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. முன்பெல்லாம் கத்தி இந்த நிலைக்கு வந்ததும், சைக்கிளில் சாணைச் சக்கரத்தைப் பொருத்திக்கொண்டு தெருவில் குரல் கொடுத்து வருபவருக்காகக் காத்திருப்போம். இப்போது அவர் வருவது அரிது; வரும் நேரத்தில் நாம் வீட்டில் இருப்பதும் அரிது. அதனால்தான் ‘கைடட் ஷார்ப்பனர்’ என்ற பெயரில் விற்கும் கருவிகளைப் பலர் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். அவற்றில் எது எந்த வீட்டுக்குப் பொருந்தும், வாங்கிய பின் முதல் நாள் அதை எப்படிக் கையாள வேண்டும் என்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இக்கருவிகள் எல்லாம், விலை எதுவானாலும், நமக்காக ஒரே ஒரு வேலையைத்தான் செய்கின்றன: கல்லுக்கும் கத்திக்கும் இடையிலான கோணத்தை மாறாமல் வைத்திருக்கின்றன. எவ்வளவு அழுத்துவது, எப்போது பக்கம் மாற்றுவது, எப்போது நிறுத்துவது என்பவை நம் பொறுப்பு. ஆகவே பெட்டியில் எத்தனை கற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து வாங்குவதைவிட, உங்கள் வீட்டில் இருக்கும் கத்திகளை அந்தக் கருவி ஒழுங்காகப் பிடிக்குமா என்று பார்த்து வாங்குவதே சரி.

கோணக் கணக்கு

கத்தியின் வாய் என்பது இரண்டு சரிவுகள் சந்திக்கும் கோடு. ஒவ்வொரு சரிவும் அலகின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை டிகிரி விலகியிருக்கிறது என்பதுதான் தீட்டும் கோணம். மெல்லிய ஜப்பானியக் கத்திகளுக்கு ஒரு பக்கத்துக்குச் சுமார் 15 டிகிரியும், நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் எவர்சில்வர் காய்கறிக் கத்திக்கு 20 டிகிரியும், மீன்தலை, கோழி எலும்பு ஆகியவற்றில் இறங்கும் கனத்த கத்திக்கு 25 டிகிரியும் பொருந்தும். கோணம் குறைந்தால் வெட்டு எளிதாக இறங்கும். ஆனால் வாய் மெலிவதால் சீக்கிரம் மடங்கும். ஜப்பானியக் கத்திகளின் எஃகு, கடினத்தன்மையைக் குறிக்கும் ராக்வெல் அளவுகோலில் பெரும்பாலும் 60-க்கு மேல் இருப்பதால் 15 டிகிரியைத் தாங்குகிறது. 56, 57 அளவில் இருக்கும் கத்தியையும் அதைவிட மென்மையான மலிவுக் கத்தியையும் அதே கோணத்தில் தீட்டினால், முதல் நாள் தக்காளியில் வழுக்கிக்கொண்டு இறங்கும், நான்காம் நாள் பழைய கதைதான்.

இங்கே புதியவர்கள் தவறாமல் குழம்பும் இடம் ஒன்று உண்டு. சில நிறுவனங்கள் ஒரு பக்கக் கோணத்தைச் சொல்லும். சில இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சொல்லும். ஸ்பைடர்கோ நிறுவனத்தின் ஷார்ப்மேக்கரில் 30, 40 என்று குறித்திருப்பது மொத்தக் கோணம். அதாவது ஒரு பக்கத்துக்கு 15, 20. லான்ஸ்கி கருவியில் 17, 20, 25, 30 என்று இருப்பவை ஒரு பக்கக் கோணங்கள். இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு, லான்ஸ்கியின் 30-இல் காய்கறிக் கத்தியைத் தீட்டினால், கிடைப்பது விறகு பிளக்கும் வாயாகத்தான் இருக்கும்.

கருவிகளின் வகைகள்

மிக எளிமையானது நிற்கும் தண்டு வகை. ஷார்ப்மேக்கர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு பிளாஸ்டிக் அடித்தட்டில், முக்கோணக் குறுக்குவெட்டுடைய இரண்டு செராமிக் தண்டுகளை ‘வி’ வடிவில் சாய்வாகச் செருகி நிறுத்துகிறோம். கோணம் தண்டுகளின் சாய்விலேயே இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது, கத்தியைத் தரைக்குச் செங்குத்தாகப் பிடித்து, அடியிலிருந்து முனை வரை தண்டின் மேல் வைத்து மேலிருந்து கீழாக இழுப்பது மட்டும்தான். பழுப்புத் தண்டு நடுத்தரம், வெள்ளைத் தண்டு மென்மை. முக்கோணத்தின் விளிம்பு வேகமாக அறுக்கும், தட்டைப் பக்கம் மெருகேற்றும். அடித்தட்டைப் பிடித்திருக்கும் கையில் கத்தி படாமல் காக்கப் பித்தளைக் கம்பிகள் இரண்டு இருக்கின்றன. அவற்றைப் பொருத்தாமல் தீட்டுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். கத்தி நீளமோ குட்டையோ, அகலமோ ஒடுக்கமோ, கவ்விப் பிடிக்கும் தொல்லை இல்லை என்பது இதன் பெரிய வசதி. முழுக்க மழுங்கிப்போன கத்தியையும், பல் விழுந்த கத்தியையும் அந்தச் செராமிக் தண்டுகளால் மீட்க மிக நீண்ட நேரம் ஆகும் என்பது இதன் குறை.

அடுத்தது கவ்வி வகை. கத்தியின் முதுகை ஒரு கிளாம்ப் பிடித்துக்கொள்ள, கல்லைத் தாங்கிய கம்பி ஒன்று அந்தக் கிளாம்போடு இணைந்த துளையில் நுழைந்து, அதையே அச்சாகக்கொண்டு முன்னும் பின்னும் போய்வருகிறது. எந்தத் துளையில் கம்பியை நுழைக்கிறோமோ அதுவே கோணம். லான்ஸ்கி இந்த வகையில் மிகவும் அறிமுகமானது. வொர்க் ஷார்ப் நிறுவனத்தின் பிரிசிஷன் அட்ஜஸ்ட் அதே கொள்கையை ஒரு நிலைத்த தாங்கியில் வைத்து, 15 முதல் 30 டிகிரி வரை திருகால் மாற்றிக்கொள்ளும்படி செய்திருக்கிறது. அதன் முக்கோணக் கட்டையில் 320, 600 என்று எண்ணிட்ட (எண் கூடக் கூடக் கல் மென்மையாகும்) இரண்டு வைரத் தகடுகளும் ஒரு மென் செராமிக்கும் ஒன்றாக இருப்பதால் கல் மாற்றும் வேலை இல்லை. சிறிய, நடுத்தரக் கத்திகளுக்கு இவ்வகை மிகவும் பொருந்தும். நீளமான கத்திக்கு ஒரே பிடியில் முழு வாயும் எட்டாது. நடுவில் கிளாம்பைத் தளர்த்தி நகர்த்த வேண்டும், அப்படி நகர்த்திய இடத்தில் ஒரு சிறு பிசகு வரும்.

மூன்றாவது மேசை வகை. எட்ஜ் புரோ ஏபெக்ஸ் இதன் முன்மாதிரி. கத்தி ஒரு சாய்தளத்தில் தட்டையாகக் கிடக்கும். ஓரமாக நிற்கும் கம்பத்தில் ஏற்றி இறக்கக்கூடிய அச்சு ஒன்றில் கல் தாங்கிய கம்பி நுழைந்திருக்கும். நாம் ஒரு கையால் கத்தியை அழுத்திப் பிடித்து, மறு கையால் கல்லை ஓட்டுகிறோம். இன்று சில ஆயிரம் ரூபாய்க்குள் இணையத்தில் கிடைக்கும், 120 முதல் 1500 வரை கற்களோடு வரும் கருவிகளில் பல, இதே அமைப்பைப் பின்பற்றி, கத்தியைப் பிடிக்க ஒரு திருகுக் கவ்வியையும் சேர்த்துச் செய்யப்பட்டவை. கோணத்தை விரும்பியபடி வைக்கலாம், கற்களைத் தனித்தனியாக மாற்றலாம், நீளக் கத்தியையும் நகர்த்தி நகர்த்தித் தீட்டலாம் என்பதால் ஆர்வமுள்ளவருக்கு இது அதிகம் இடங்கொடுக்கும். ஆனால் முதல் இரண்டு மூன்று முறை பொறுமையைச் சோதிக்கும். அடியில் உள்ள உறிஞ்சு ரப்பர் கடப்பாக்கல் மேடையிலும் கிரானைட் மேடையிலும் ஈரம் தொட்டு வைத்தால் அட்டைப்போல ஒட்டிக்கொள்ளும். சொரசொரப்பான சிமெண்டுத் திண்ணையில் ஒட்டாது. காற்றாட வாசலில் உட்கார்ந்து தீட்டலாம் என்று நினைப்பவர்கள் ஒரு மழமழப்பான பலகையையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும்.

நான்காவது உருட்டும் வகை. ஜெர்மனியின் ஹோர்ல் இதைப் பரவலாக்கியது. காந்தம் பதித்த ஒரு கட்டை 15 அல்லது 20 டிகிரியில் கத்தியைச் சாய்த்துப் பிடித்துக்கொள்ள, ஒரு முனையில் வைரத் தகடும் மறுமுனையில் மெருகேற்றும் தகடும் கொண்ட உருளையை மேசையில் உருட்டுகிறோம். கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும்; பார்க்கவும் அழகு. இரண்டு கோணங்களுக்குமேல் தேர்வு இல்லை என்பதோடு, அகலம் மிகக் குறைந்த சிறு கத்தியின் வாய் உருளையின் அடிப்பகுதியை மட்டுமே தொடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கொடுக்கும் விலைக்கு இந்த எளிமை ஈடாகுமா என்பது அவரவர் கணக்கு. என் கணக்கில் ஈடாகவில்லை.

ஐந்தாவது கையடக்க வகை. உள்ளங்கையில் அடங்கும் கட்டை ஒன்றில் வைரத் தகடு, செராமிக் தண்டு, தோல் ஆகியவை இருக்கும். தகட்டின் இரு முனைகளிலும் 20 டிகிரிச் சாய்வுத் துண்டுகள் பதித்திருப்பார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் கத்தியை அந்தத் துண்டின் மேல் படுக்க வைத்து, அதே சாய்வில் தகட்டின் மேல் ஓட்ட வேண்டும். வொர்க் ஷார்ப்பின் ஃபீல்ட் ஷார்ப்பனர் இந்த வகை. துல்லியம் மற்றவற்றைவிடக் குறைவுதான், ஆனால் கத்தியைக் கல்லிடம் கொண்டுபோக முடியாதபோது கல்லைக் கத்தியிடம் கொண்டுபோக இதனால்தான் முடியும். அரிவாள்மனை உள்ள வீடுகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பின்னால் தெரியும்.

கடைசியாக, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இழுப்புக் கருவி. பள்ளத்தில் கத்தியை நுழைத்து இழுத்தால் போதும் என்பார்கள். அதுவும் ஒருவகையில் கோணம் பிடித்துத் தருவதுதான். ஆனால் அதில் உள்ள கார்பைடு துண்டுகள் தீட்டுவதில்லை, வாயைச் சுரண்டி எடுக்கின்றன. நல்ல கத்தியை அதில் நுழைக்க வேண்டாம் என்பதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

குறியிட்ட கோணத்தை நம்பலாமா

கவ்வி வகையிலும் மேசை வகையிலும் கருவியின் மேல் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பக் கூடாது. காரணம் எளிய வடிவியல். அச்சு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து கத்தியின் வாய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற இரண்டும் சேர்ந்துதான் கோணத்தைத் தீர்மானிக்கின்றன. வாய் அச்சிலிருந்து 20 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால், 15 டிகிரி கிடைக்க அச்சு வாயைவிடச் சுமார் 5.4 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். 20 டிகிரிக்கு 7.3 சென்டிமீட்டர். இப்போது அச்சைத் தொடாமல், அகலமான கத்தி ஒன்றை வைத்ததால் வாய் 2 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். 15 டிகிரியாக இருந்தது ஏறக்குறைய 13.7 ஆகிவிடும். ஆகவே அகலக் கத்தியில் குறியிட்ட எண்ணுக்குக் குறைவாகவும், ஒடுங்கிய கத்தியில் அதிகமாகவும் உண்மைக் கோணம் அமையும். கல்லின் தடிமன் மாறினாலும் இதே சிக்கல் வரும். காந்தம் பொருத்திய சிறு டிஜிட்டல் சாய்வுமானி ஒன்றை வாங்கிக்கொண்டால் இந்தக் கவலை தீரும்: முதலில் அதைக் கத்தியின் பக்கவாட்டில் ஒட்டிச் சுழியாக்கி, பிறகு கல் தாங்கிய கம்பியில் ஒட்டி எண்ணைப் படிக்கலாம்.

நேராக ஓடும் வாயில் கோணம் முழு நீளத்துக்கும் மாறாது. முனை வளையும் இடத்தில்தான் மாறும், ஏனென்றால் அங்கே வாய் அச்சிலிருந்து வேறு தூரத்துக்கும் வேறு திசைக்கும் போய்விடுகிறது. கத்தியைக் கவ்வும் இடத்தைச் சற்று முனைப் பக்கமோ பிடிப் பக்கமோ தள்ளிப் பார்த்து, வளைவிலும் கல் பழைய சரிவின் மேலேயே படியும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தைக் கத்தியின் முதுகில் சிறு கோடாகக் குறித்துக்கொள்வது நல்லது. அடுத்த முறை தேட வேண்டியிருக்காது.

எதை வாங்குவது

வீட்டில் இரண்டு மூன்று சிறு காய்கறிக் கத்திகள் மட்டும் இருந்து, அவை இன்னும் பாழாகாமலும் இருந்தால் நிற்கும் தண்டு வகையே போதும். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் செலவழித்தால் அவை மழுங்கவே மழுங்காது. கத்திகள் பல ஆண்டு தீட்டப்படாமல் கிடந்து, தேங்காய் உடைத்ததில் பல் விழுந்தும் இருந்தால், கரடு வைரத் தகடோ 120 எண் கல்லோ உள்ள மேசை வகையைத்தான் நாட வேண்டும். அரிவாள்மனைதான் முதல் கத்தி, மேடைக்கத்தி துணைக்கத்தி என்று இருக்கும் வீட்டுக்கு நான் கையடக்க வகையைச் சொல்வேன். கத்தியை நடுவில் நிறுத்தி இரு பக்கமும் கல் ஓட்டும், பல்லாயிரம் ரூபாய்க்கு விற்கும் இருபுறக் கருவிகள் அற்புதமானவை என்பதில் சந்தேகமில்லை, ஆனால் அவற்றை வாங்குபவர் கத்திக்காக அல்ல, தீட்டுவதற்காகத் தீட்டுபவராக இருப்பார். அதில் தவறேதும் இல்லை. புதியவர் அங்கிருந்து தொடங்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

முதல் நாள்: படிப்படியாக

மேசை வகையை வைத்து எழுதுகிறேன். கவ்வி வகைக்கும் ஏறக்குறைய இதே வரிசைதான். ஒரு பழைய கத்தி, நிரந்தர மார்க்கர் பேனா, பழைய வேட்டித் துணி, ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு மணி நேரம் ஆகியவை வேண்டும்.

முதற்படியாக, கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் வாயை உங்களை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். மழுங்கிய இடம் மெல்லிய வெள்ளிக்கோடாக மினுங்கும். கூரான இடம் எதையும் பிரதிபலிக்காது. பல் விழுந்த இடம் புள்ளியாகப் பளிச்சிடும். எங்கெல்லாம் மினுங்குகிறது என்பதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வேலை முடிந்ததா என்பதற்கு இதே வெளிச்சம்தான் சாட்சி.

இரண்டாம் படி, கவ்வுவது. அலகின் முதுகில் ஒரு பட்டை மறைப்புநாடாவை ஒட்டிவிட்டுக் கவ்வினால் கீறல் விழாது, வழுக்கவும் வழுக்காது. நான் முதன்முதலில் வாங்கிய மலிவான கருவியில் இதைச் செய்யாமல், திருகையும் அரைகுறையாக முடுக்கிவிட்டுத் தொடங்கினேன். பத்தாவது இழுப்பில் கத்தி மெல்லத் திரும்பிக்கொண்டது. அது எனக்குத் தெரியவில்லை. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, அம்மா வாழைப்பூ ஆய வைத்திருந்த கத்தியின் ஊசிபோன்ற முனை சிறுவிரல் நுனிபோல உருண்டிருந்தது. கல்லை முனைக்கு வெளியே முழுக்க வழியவிட்டதும் அதற்கு ஒரு காரணம். அன்றிலிருந்து இரண்டு விதிகளைக் கடைப்பிடிக்கிறேன்: ஒவ்வொரு பக்கம் மாற்றும்போதும் திருகைத் தொட்டுப் பார்ப்பது, முனைக்கு வரும்போது கல்லின் அகலத்தில் பாதி கத்தியின் மேலேயே இருக்கும்படி நிறுத்திவிடுவது.

மூன்றாம் படி, மார்க்கர். இரண்டு பக்கச் சரிவுகளிலும் வாயை ஒட்டி மை பூசுங்கள். நடுத்தரக் கல்லை வைத்து இரண்டே இரண்டு முறை மென்மையாக ஓட்டிவிட்டுப் பாருங்கள். மை வாயோரத்தில் மட்டும் அழிந்திருந்தால், நீங்கள் வைத்த கோணம் கத்தியின் பழைய கோணத்தைவிட அதிகம். வாயோரத்தில் மை அப்படியே இருந்து, சரிவின் மேற்புறத் தோளில் மட்டும் அழிந்திருந்தால் கோணம் குறைவு. இப்படியே தொடர்ந்தால் எவ்வளவு தேய்த்தாலும் கூர் வராது. சரிவின் முழு அகலத்திலும் மை அழியும்வரை அச்சை ஏற்றி இறக்கிச் சரிசெய்யுங்கள். ‘நானும் அரை மணி நேரம் தேய்த்தேன், ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் வாயைத் தொடாமலேயே தோளைத் தேய்த்தவர்கள்தான்.

நான்காம் படிதான் உண்மையான வேலை. கரடுக் கல்லைத் தண்ணீரில் நனைத்து, ஒரே பக்கத்தை மட்டும், பிடியோரம் தொடங்கி முனை வரை பகுதி பகுதியாகத் தீட்டுங்கள். அழுத்தம் குறைவாக இருக்கட்டும். எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த சாணைக்காரர், பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம் ஒருமுறை சொன்னார்: “அமுக்காதீங்க தம்பி, கல்லு அதும்பாட்டுக்கு அறுக்கும்.” வைரத் தகட்டில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அழுத்தினால் வைரத் துகள்கள் தகட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடும். புதிய வைரத் தகடு முதல் சில கத்திகளுக்குச் சொரசொரப்பாக அறுத்து, பிறகுதான் தன் நிலைக்கு வரும் என்பதால், முதல் நாள் விழும் ஆழமான கீறல்களைக் கண்டு கலங்க வேண்டாம்.

எப்போது நிறுத்துவது? இழுப்புகளை எண்ணி நிறுத்தக் கூடாது. பிசிறு எழுந்ததும் நிறுத்த வேண்டும். ஒரு பக்கத்தை வாய் வரை தீட்டிவிட்டால், எஃகின் மிக மெல்லிய ஓரம் மறுபக்கம் மடிந்து நிற்கும், அதுதான் பிசிறு. தீட்டாத பக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி, வாய்க்குக் குறுக்காக, மெல்ல வெளியே வழுக்கிப் பாருங்கள். வாயோடு நீளவாக்கில் ஒருபோதும் ஓட்டக் கூடாது. நகத்தின் ஓரத்தில் தட்டுவதுபோல ஒரு சொரசொரப்பு தெரியும். விரலில் நம்பிக்கை இல்லையென்றால், பழைய வேட்டித் துணியை அதே திசையில் இழுங்கள். பிசிறு உள்ள இடத்தில் நூல் மாட்டி நிற்கும். பிடியோரம் முதல் முனை வரை ஓரிடம் விடாமல் பிசிறு எழுந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். ஓரிடத்தில் எழாவிட்டால் அங்கே இன்னும் வாய் எட்டப்படவில்லை என்று பொருள். இந்த ஒரு படியில் அவசரப்பட்டால் மீதி எல்லாமே வீண்.

ஐந்தாம் படி, மறுபக்கத்தையும் அப்படியே பிசிறு எழும்வரை தீட்டி, பிறகு அடுத்தடுத்த மென்கற்களுக்குப் போங்கள். ஒவ்வொரு கல்லிலும் முந்தைய கல்லின் கீறல்கள் மறையும்வரை வேலை செய்தால் போதும். கல் மாற்றும்போதெல்லாம் கத்தியையும் கருவியையும் ஈரத்துணியால் துடையுங்கள், இல்லையென்றால் கரடுக் கல்லின் ஒரே ஒரு மணல் மென்கல்லுக்குள் புகுந்து கோடு போட்டுக்கொண்டே இருக்கும். எந்த எண்ணோடு நிறுத்துவது என்பதில் பலருக்கும் ஆசை அதிகம். ஜப்பானிய அளவிலும் அமெரிக்க அளவிலும் 1000 என்ற ஒரே எண் ஒரே நுண்மையைக் குறிப்பதில்லை என்பதால் எண்களை ஒப்பிட்டுப் பயனில்லை. காய்கறி நறுக்கும் கத்திக்கு 600-க்கும் 1000-க்கும் இடையில் நிறுத்துவதே நல்லது என்பது என் அனுபவம். கண்ணாடிபோல மெருகேற்றிய வாய் காகிதத்தை அழகாக அறுக்கும், தக்காளித் தோலிலும் வாழைத்தண்டு நாரிலும் வழுக்கும். கண்ணுக்குத் தெரியாத சிறு பற்கள் மிச்சமிருக்கும் வாய்தான் அங்கே கடித்துப் பிடிக்கிறது.

ஆறாம் படி, பிசிறை நீக்குவது. கடைசிக் கல்லில், கல்லின் எடைக்குமேல் அழுத்தம் கொடுக்காமல், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறிப் பத்துப் பதினைந்து இழுப்புகள், வாயை எதிர்த்துப் போகும் திசையில் மட்டும் ஓட்டுங்கள். பிறகு தோல்வாரில், முடிதிருத்துபவர் சவரக்கத்தியைத் தீட்டுவதுபோல, வாய் பின்னால் வரும்படி ஐந்தாறு முறை இழுங்கள். பழைய தோல்பட்டை ஒன்றைப் பலகையில் ஒட்டிக்கொண்டாலும் போதும். பிசிறை நீக்காமல் விட்ட கத்தி அன்று சவரம் செய்யும் கூரில் இருப்பதுபோலத் தோன்றி, மறுநாளே மழுங்கியதாகிவிடும். உண்மையில் மழுங்கவில்லை, பிசிறு மடங்கி வாயை மூடிக்கொண்டது.

சோதிக்க, நாளிதழ்த் தாளைவிட வாழை இலையின் நுனியை நான் விரும்புகிறேன். நடுநரம்பிலிருந்து ஓரத்தை நோக்கி ஓடும் கோடுகளுக்குக் குறுக்காக, இலையைத் தொங்கவிட்டுக் கத்தியை வைத்து எடையின்றி இழுங்கள். கோட்டோடு கிழிந்து ஓடினால் இன்னும் வேலை இருக்கிறது. குறுக்காக நேராக வெட்டுப்பட்டால் முடிந்தது.

கல்லையும் கத்தியையும் பேணுவது

தேங்காய் எண்ணெயையோ நல்லெண்ணெயையோ கல்லில் ஊற்றக் கூடாது. பிசுக்கேறிக் கல் அடைத்துக்கொள்ளும். செராமிக் தண்டு கறுத்துப்போனால், பாத்திரம் தேய்க்கும் தூளைப் போட்டு நைலான் நாரால் தேய்த்துக் கழுவினால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் உப்பாக இருக்கும் வீடுகளில், தீட்டுவதற்குக் குடிநீரையே பயன்படுத்தி, முடிந்ததும் கத்தியை உடனே துடைத்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொல்லுப்பட்டறைக் கத்தி ஒரே இரவில் செம்பூத்துவிடும். அலகில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு அதற்குப் போதும். வாழைக்கறையால் அத்தகைய கத்தி கறுப்பது வேறு. இரும்போடு துவர்ப்புச் சத்து சேர்வதால் வரும் அந்தக் கறுப்பைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை.

எவர்சில்வர் தட்டிலும் கடப்பாக்கல் மேடையிலும் வைத்து நறுக்கினால், எந்தக் கருவியாலும் உங்கள் கத்தியைக் காப்பாற்ற முடியாது. கறிக்கடைகளில் புளியமரக் கட்டை கிடப்பது சும்மா அல்ல. மாங்காயைக் கொட்டையோடு பிளப்பதையும் தேங்காய் உடைப்பதையும் தீட்டிய கத்தியிடம் கொடுக்காமல், அதற்கென்று ஓர் அரிவாளை ஒதுக்கிவையுங்கள்.

கருவிக்குள் அடங்காதவை

கதிர் அறுக்கும் கருக்கரிவாளை எந்த வீட்டுக் கருவியிலும் தீட்ட முயல வேண்டாம். அதன் கருக்கு கொல்லுப்பட்டறையில் உளியால் வெட்டப்பட்டது, தேய்ந்தால் மறுபடி அங்கேதான் வெட்ட வேண்டும். இளநீர் சீவும் அரிவாளுக்குக் கையடக்கக் கல்லே போதும், 30 டிகிரிக்குக் கீழே இறக்க வேண்டாம்.

அரிவாள்மனையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அலகு பலகையில் நிலையாக நிற்பதால் எந்தக் கவ்வியிலும் அது ஏறாது. வளைந்திருப்பதால் நிற்கும் தண்டிலும் படியாது. சாய்வுத் துண்டுள்ள கையடக்கத் தகடுதான் இதற்கு உதவும். மனையைத் தாழ்வான மேசையில் வைத்து, பலகையை மேசையோரத்தோடு சி-கிளாம்பால் இறுக்குங்கள். காலால் மிதித்துக்கொண்டு தீட்ட வேண்டாம். வாய்க்கு எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள். தகட்டைப் பின்புறமாக மட்டும் பிடித்து, எந்த விரலும் அதன் ஓரத்தைத் தாண்டி நீளாதபடி, முதுகிலிருந்து வாயை நோக்கி வளைவின் போக்கிலேயே கீழிருந்து மேலாகச் சிறு சிறு இழுப்புகளாக ஓட்டுங்கள். இங்கும் மார்க்கர் மைதான் வழிகாட்டி, பிசிறுதான் அளவுகோல். சில மனைகளில் ஒரு பக்கம் மட்டுமே சரிவு இருக்கும். அப்படியானால் மறுபக்கத்தில் தகட்டைச் சாய்க்காமல் அலகோடு ஒட்டப் படுக்கவைத்து, பிசிறை மட்டும் எடுத்துவிட வேண்டும். உச்சியில் உள்ள தேங்காய்த் துருவியின் பற்களில் கல் படக் கூடாது.

முடிந்ததும் ஈரத்துணியால் அலகை வழித்து, எஃகுத் தூள் பலகையில் தங்காமல் கழுவிவிட்டு, அன்று அரியப்போகிறவரிடம் மனை தீட்டியிருப்பதைச் சொல்லிவிடுங்கள். மழுங்கிய மனைக்குப் பழகிய கை, பழைய வேகத்திலேயே காயை வாயின் மேல் தள்ளும்.